வைக்கோல் மூட்டைகள்

அன்புள்ள எவ்தோகியாவுக்கு,

நீ சொல்லிக்கொடுத்த எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

வெள்ளிக்கிழமை நாங்கள் ஆடுகளோடு கோடை மேய்ச்சலுக்கு மலையேறுகிறோம். முந்தின நாள், வருஷா வருஷம் போல, கம்பள மூட்டைகளை உங்கள் கோட்டையில் வைத்துவிட்டுப் போக வருவோம். பெண்கள் மட்டும்தான். அதுதானே கோட்டைத்தலைவரான உன் கணவர் போட்ட நிபந்தனை.

ஆனால் இந்த முறை மூட்டைகளில் வைக்கோலைத் திணிக்கச் சொல்லிவிட்டார் மாமனார்.

"கம்பளத்தையெல்லாம் என்ன செய்யறது மாமா?" என்று கேட்டேன்.

"கூடாரத்துலயே கிடக்கட்டும்மா. எரியப்போற எடத்துல வெச்சா பாழாக்குறது?" என்று சிரித்தார்.

என் கணவர் வாளைத் தீட்டியபடி, "முதல்ல இந்தக் கோட்டை. அப்புறம் கடல் வரைக்கும் நம்மளதுதான்" என்றார். நான் தலை நிமிராமல் தயிரைக் கடைந்துகொண்டிருந்தேன்.

சிவப்புக் கயிறு கட்டிய மூட்டையை நீயே பிரி. அதில் என் அங்கியும் முக்காடும் இருக்கும். உன் மகளை நான் முதுகில் கட்டிக்கொள்கிறேன்; அழாமலிருக்க நாக்கில் தேன் தடவலாம். உங்கள் வாசல் காவல்காரன் எங்களை எண்ணுவதே இல்லை. "ஆட்டு மந்தை வந்துடுச்சுடா" என்று கேலி செய்வதோடு சரி. ஐந்து பேர் வருவோம், ஆறு பேராகத் திரும்புவோம்.

உன் கணவரைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே, எவ்தோகியா. சொன்னால் விதவையாகப் போவது நான்.

உன் கூடாரத்துத் தோழி