சக்களத்திப் பெட்டி

ஜூலை 3, திங்கள்

காலையில் போன் அடித்தது. அவர் போன பிறகு முதல் தடவை. அவர் கூப்பிடுகிற அதே நேரம். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடும்போது அவர் இல்லை என்பதே மறந்துபோயிருந்தது. எடுத்தால் ஒரு பெண் குரல். "அக்கா, ரேடியோ ஸ்டேஷன்லேருந்து பேசறேன். சார் எடத்துக்கு வந்திருக்கேன்."

சார் எடத்துக்கு.

வைத்துவிட்டேன்.

ஜூலை 4, செவ்வாய்

மறுபடி அடித்தது. துணைக்கு வந்திருக்கும் தங்கை எடுத்தாள். "உன்னப் பேசச் சொல்றாங்கக்கா. நீ பேசி என்ன, நியூஸா வாசிக்கப் போற?" என்றாள்.

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். நேயர்கள் போனில் பேசுவது ரேடியோவில் வரவேண்டும். போன் லைனில் இருப்பதோ இரண்டே கம்பி. போகிற பேச்சும் வருகிற பேச்சும் அதற்குள்தான். அதை நேராக மைக் மேசையில் கொடுத்தால் அறிவிப்பாளர் பேசியது அவருக்கே திரும்பி வரும், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி. சில சமயம் ஊளையிடும். அதனால் நடுவில் ஒரு பெட்டி. அறிவிப்பாளர் குரலைக் கழித்துவிட்டு, கூப்பிட்டவர் குரலை மட்டும் மேலே அனுப்பும். அதில் ஒரு திருகு, சத்தத்தின் அளவைக் காட்ட ஒரு முள். மழையில் கம்பி நனைந்தால்கூடத் திருகு மாற வேண்டும்.

அதைத் திருகுவது என் வீட்டுக்காரர் வேலை. தினமும் நிகழ்ச்சிக்கு முன்னால் வீட்டுக்குப் போன் செய்வார். முதலில் "பேசாத" என்பார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டே திருகுவார், தன் குரல் தனக்குத் திரும்பி வராமல் போகிற வரைக்கும். பிறகு "இப்ப நீ பேசு." நான் பேசுவேன். முள்ளைப் பார்ப்பார். "சத்தம் சரியா இருக்கு. போதும்." வைத்துவிடுவார். என் கதை பாதியில் நிற்கும். இதற்காகத்தான் நிலையத்தில் இந்த லைனையே வீட்டுக்குப் போட்டுக் கொடுத்தார்கள்.

பெட்டிக்கு ஏதோ இங்கிலீஷ் பேர். நான் வைத்த பேர் சக்களத்தி. அவருக்கும் அது ஒட்டிக்கொண்டது. "இன்னிக்கு உன் சக்களத்திக்கு மழை ஒத்துக்கல" என்பார். இதைச் சொன்னதும் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதியில் அது அழுகையாகிவிட்டது.

ஜூலை 6, வியாழன்

அந்தப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். சின்னப் பெண்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"நேயர் பேசறது கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்குன்னு எல்லாரும் என்னத் திட்டறாங்க அக்கா."

"ஸ்டேஷன்ல வாய் இருக்கறவங்களே இல்லயா?"

"இருக்காங்க. யாரப் பேசச் சொன்னாலும் ஹலோ ஹலோன்னுதான் கத்தறாங்க. முள்ளு எகிறிக் குதிக்குது. வீட்ல பேசற மாதிரி பேச ஒரு ஆள் வேணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூலை 7, வெள்ளி

எடுத்தேன். அவள் ஒன்று இரண்டு மூன்று சொன்னாள். பேசாமல் இருப்பது எனக்கு நன்றாகவே வந்தது. "இப்ப நீங்க பேசுங்க அக்கா."

வாய் திறக்கவில்லை.

ஜூலை 8, சனி

இன்றும் இல்லை.

ஜூலை 11, செவ்வாய்

தங்கை தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

கடைசி நாள் காலையிலும் போன் வந்தது. "இப்ப நீ பேசு" என்றார். அன்றைக்கு நான் கதை சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, நான் பாக்கலன்னு நெனச்சீங்களா, அந்த வேலய அப்படியே போட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க, உங்களக் கெஞ்சிக் கேக்கறேன் – சொன்னேன். இதையேதான் சொன்னேன்.

"சத்தம் சரியா இருக்கு. போதும்."

மத்தியானம் அவரைக் கொண்டுவந்தார்கள்.

அவர் முள்ளைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். என் சத்தம் போய்ச் சேர்ந்தது. சொன்னது சேரவில்லை. அப்புறம் நான் எதற்குப் பேச வேண்டும், யாருக்கு?

ஜூலை 13, வியாழன்

இன்று பேசிவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை. குழாய் சொட்டுகிறது, தங்கை உப்பே போடாமல் சமைக்கிறாள், கால் வேறு வீங்கியிருக்கிறது என்று என்னென்னவோ வந்தது. அவள் "சரியா இருக்கு அக்கா" என்றாள். நானே வைக்கப் போனேன்.

"வைக்காதீங்க. எந்தக் கால் வீங்கியிருக்கு?"

"நான் சொன்னதக் கேட்டுக்கிட்டா இருந்த?"

"என்னக்கா இது, ரெண்டு காதுலயும் ஹெட்போன மாட்டிக்கிட்டு எப்படிக் கேக்காம இருக்கறது? நீங்க மூச்சு விடறதுகூடக் கேக்குது."

ஜூலை 14, வெள்ளி

அவரும் ஹெட்போன் மாட்டியிருந்திருப்பார்.

ஜூலை 15, சனி

அப்படியென்றால் கேட்டிருக்கிறது. ஒரு சொல் விடாமல். கேட்டுட்டுதான் போதும்னு சொன்னீங்களா? பக்கத்துல ஆள் இருந்தாங்களா? பயந்துட்டீங்களா? நிகழ்ச்சி முடியட்டும்னு இருந்தீங்களா? கேக்கலன்னு நெனச்சப்பவாவது உங்கமேல கோபப்பட முடிஞ்சுது. இப்ப என்ன செய்றதுன்னே தெரியல.

ஜூலை 19, புதன்

தினமும் பேசுகிறேன். ரேடியோவில் ஒரு நேயர் தன் மாடு தீனி தின்ன மாட்டேன் என்கிறது என்று மாட்டு டாக்டரிடம் கேட்டார். நம் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. "இதுக்கா உன் வாய் வேணும்னாங்க?" என்றாள் தங்கை. ஆமாம், இதற்குத்தான்.

ஜூலை 27, வியாழன்

புதுப் பெட்டி வந்துவிட்டதாம். தன்னைத்தானே சரிசெய்துகொள்ளுமாம். லைனில் உஸ்ஸென்று ஒரு சத்தம் விட்டுத் தானே பார்த்துக்கொள்ளுமாம். "இனிமே உங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம் அக்கா" என்றாள். நல்ல சேதி சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு, மெதுவாக, வீட்டு லைனையும் எடுத்துவிடுவார்கள் என்றாள்.

தொந்தரவு இல்லை என்று சொல்லியிருக்கலாம். நல்லதும்மா என்றேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

லைன்மேன் வந்து கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார். ஒரு வாய் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

பழைய பெட்டியைக் குப்பையில் போட இருந்தார்களாம். அந்தப் பெண் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். "சாரோட கையிலயே இருந்தது. மனசு வரல அக்கா." தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "கடைசில சக்களத்தி வீட்டுக்கே வந்துட்டாளா!" என்றாள். போன் இருந்த பலகையில் வைத்தேன். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

பெருக்கும்போது போன் வருகிற அந்த நேரம் வந்தது. பெட்டியைத் துடைத்தேன். திருகைத் தொடவில்லை, அவர் வைத்த இடமோ, அந்தப் பெண் வைத்த இடமோ. கடைசி நாள் அவரிடம் சொன்னதையே கிட்டத்தில் போய் இன்னொரு தடவை சொன்னேன். முழுசாக, யாரும் போதும் என்று சொல்லாமல்.

முள் அசையவில்லை.