வெள்ளத்தாயக்காள் உட்கார்ந்திருக்கிறாள்

ராஜபாளையம்
12.8.2025

அன்புள்ள அனுசியாவுக்கு,

நலம். உன் நலத்தைப் பத்திரிகைகளில் படித்துத் தெரிந்துகொள்கிறேன். நாற்பது வருஷச் சிற்பங்களை ஒரே கூரையின் கீழ் வைத்து அருங்காட்சியகத்தார் உன்னைக் கொண்டாடுவது ஊருக்கே பெருமை. போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் உன் தம்பி நவநீதகிருஷ்ணன் உன் பேட்டியைப் பூக்கடைக்காரருக்குச் செல்போனில் காட்டிக்கொண்டிருந்தான். "எங்க அக்காவுக்கு இம்புட்டு வெவரம் எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியலக்கா" என்றான். எனக்கும் அதே சந்தேகம்தான்.

திறப்பு விழாவுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் நானும் சென்னைக்கு வந்திருந்தேன். உன்னைச் சுற்றிக் கூட்டம், கிட்டே வர முடியவில்லை. கண்காட்சிக்குப் 'பெயருள்ள பெண்கள்' என்று தலைப்பு வைத்தது நன்றாக இருந்தது. என் வீட்டிலிருந்து வந்த சிலைக்குக் கீழே 'உதவி: ராஜபாளையத் தோழி ஒருவர்' என்று போட்டிருந்ததும் நன்றாக இருந்தது.

அந்தச் சிலையைப் பற்றித்தான் எழுத வேண்டும். கல்லூரி விடுமுறையில் எங்கள் மோட்டார் அறையில் ஆளுக்கொரு சிலை செய்தோமே, நினைவிருக்கிறதா? பேண்டேஜ் மில்லில் கழித்துப்போட்ட துணியைப் பிளாஸ்டர் மாவில் முக்கி, அதே மில்லில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு வெள்ளத்தாயக்காளை உட்காரவைத்துச் செய்தோம். உன் வெள்ளத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னுடையவள் முழங்காலில் முகம் புதைத்துக் கூனியிருந்தாள். பிறகு நீ சென்னைக்குப் போனாய், நான் பள்ளிக்கூடத்துக்கு ஓவிய டீச்சராகப் போனேன். இரண்டு சிலைகளும் அங்கேயே கிடந்தன.

உன் முதல் சிலையை எடுத்துப்போக அருங்காட்சியகத்திலிருந்து கௌதம்ராஜ் வந்தார். இரண்டையும் பார்த்தார். கூனியிருந்தவள் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். "மேடத்தோட கை இதுல தெரியுது. அது யாரோ பழகிப் பார்த்தது போல" என்றார். யாரோ என்றது உன்னைத்தான். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் என் சிலை முன்னால் ஒருவர் நின்றது அதுதான் முதல் தடவை. மூடிக்கொண்டேன். அவர் என்னுடையதையே உன்னுடையது என்று வண்டியில் ஏற்றிப்போனார்.

விழாவில் அதன் முன் நின்று நீ பதினோரு நிமிஷம் பேசினாய். முகத்தைக் காட்ட மறுப்பது ஆண் பார்வைக்கு அவள் தரும் பதில் என்றாய். எனக்கு முகம் செய்ய வராது, அதனால் குனியவைத்தேன். அதற்குள் இவ்வளவு இருப்பது அன்றுதான் தெரிந்தது. எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

பேப்பரில் வந்த படத்தை வெள்ளத்தாயக்காளிடம் காட்டினேன். "ஏட்டி, இது நீ செஞ்சதுல்லா? அவ செஞ்சதுல நான் மகாராணி கணக்கால்லா இருப்பேன். இதுலதான் என் இடுப்பு வலி தெரியுது" என்றாள். அவளுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லையா, தெரிந்துதான் பேசினாயா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். மறந்திருக்கலாம். நூறு சிலை செய்தவளுக்கு மறக்கும். ஒன்று செய்தவளுக்கு மறக்காது. பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். சரியாகத்தான் நினைப்பாய்.

இப்போது அருங்காட்சியகத்தார் அதை நிரந்தரமாகக் கேட்கிறார்கள். இத்தனை வருஷம் வைத்திருந்தவள் என்பதால் என் சம்மதப் படிவம் வேண்டுமாம். அதில் 'செய்தவர் பெயர்' என்று ஒரு வரி. மூன்று நாள் பேனாவோடு உட்கார்ந்தேன். உன் பெயரை எழுத மனம் வரவில்லை. என் பெயரை எழுதத் தைரியம் வரவில்லை. அந்த வரியை மட்டும் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீ நிரப்பிக் கொடுத்துவிடு. எந்தப் பெயரானாலும் நான் மறுத்துப் பேசமாட்டேன்.

நிரப்புவதற்கு முன், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, ஒரு தடவை தனியாகப் போய் அதைப் பார். அது நன்றாக இருக்கிறதா என்று எனக்கு ஒரு வரி எழுது. ஊருக்கெல்லாம் சொன்னாய், என்னிடம் சொன்னதில்லை.

ஆண்டாள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

அன்புடன்,
வெங்கடேஸ்வரி