மாமாவின் புதுக் கயிறு

அன்புள்ள அப்பா,

நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன். நீங்கள் போனை எடுக்காததால் இதைப் படமெடுத்து அனுப்புவேன்.

புயலுக்கு முன்பே கம்பெனி எல்லா விமானங்களையும் பெங்களூருக்கு அனுப்பிவிட்டது, ஏர்போர்ட் கேன்டீனில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று காலையில் போனில் சொன்னீர்கள். சும்மா இருப்பவருக்கு ஏன் மூச்சிரைத்தது?

லூர்து மாமா படகைக் கட்டப் புதுக் கயிற்றைத் தேடினார். "ரிப்பேரான பிளேன் ஒண்ணு அங்கியே கீதாம். அத்தக் கட்ட கம்பெனி கயித்த நம்பாம என்னுத தூக்கினு போய்ட்டான் உங்கப்பன்!" என்று சிரித்தார்.

"சும்மா இருண்ணே, கொழந்த கேட்டுகினு கீது," என்றார் அம்மா. மாமா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அப்பா கேன்டீன்லதான் கீறாரு," என்று அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்.

மாமாவுக்குக் கயிறு வேண்டாமாம். விமானத்தை விட்டுவிட்டு உள்ளே போய்விடுங்கள், அப்பா.

காற்று பலமாகிவிட்டதால் கரண்டை நிறுத்திவிட்டார்கள். விளக்குகள் அணைந்துவிட்டன.

உங்கள் மகள்