பிளாட்டினம் கம்பியில் ஒட்டியிருந்த உப்பு

மணமேல்குடி
திங்கட்கிழமை

அன்புள்ள கார்முகிலுக்கு,

இந்நேரத்துக்கு எழுதுறேன்னு கோவிச்சுக்காத, அப்பா படுத்த பிறகுதான் உக்கார முடிஞ்சது. நாங்க ரெண்டு பேரும் இங்க நல்லாத்தான் இருக்கோம், நேத்து நீ அழுததுலேர்ந்து ஒன்னைப் பத்தின நினைப்புதான். போன்ல பேசினா நீ மறுபடி அழுவ, நான் கத்துவேன், அதனால பேப்பர்ல எழுதிப் படம் எடுத்து அனுப்புறேன். அப்பாவுக்குச் சளி குறைஞ்சிருச்சு. போன மாசம் ஜன்னல் கம்பிக்கு அடிச்ச பெயிண்டு உப்புக்காத்துல அதுக்குள்ள உரியுது, கடைக்காரரைக் கேட்டா கடலைப் போய்க் கேளுங்கங்கிறார்.

நீ சொன்னதை நான் சரியாத்தான் புரிஞ்சிருக்கேனான்னு பாரு. புதன் கிரகத்துல காத்துன்னு இருக்கிறது பேருக்குத்தான், வெயில் பட்டுத் தரையிலேர்ந்து கிளம்புற சோடியம் அணுதான் அதுல முக்கியம், அது எவ்வளவுன்னு, வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சு எடுத்த படத்துல சோடியத்துக்குன்னு விழுற மஞ்சள் கோட்டை வச்சு நீ கணக்குப் போட்ட. கிரகம் நகர நகர அந்த மஞ்சள் கோடும் இடம் மாறணும், ஒன் படத்துல மாறவே இல்ல. அப்ப நீ அளந்தது புதனோட சோடியம் இல்ல, எரிகல் எரிஞ்சு நம்ம வானத்துலயே தங்கியிருக்கிற சோடியம். இது ஒனக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை ஒன் கூடப் படிக்கிற ஆனந்த் அந்தப் படத்தைக் காட்டித்தான் எல்லார் முன்னாடியும் பேசப் போறான். நீ என்னடான்னா யாருக்கும் சொல்லாதம்மாங்கிற.

யாருக்கும் சொல்லாத ஒண்ணு எங்கிட்டயும் இருக்கு. பி.எஸ்சி. ரெண்டாம் வருசம் இன்டர்னல் பிராக்டிகல்ல எனக்கும் ராஜேஸ்வரிக்கும் சேத்து ஒரே சால்ட்டு குடுத்தாங்க, தீயில காட்டி வர்ற நிறத்தை வச்சு அதுல என்ன இருக்குன்னு சொல்லணும். கருவாட்டுச் சோத்தைத் தின்னுட்டு அரைகுறையாக் கை கழுவி, வளைஞ்சிருந்த பிளாட்டினம் கம்பியை விரலாலயே நீவி நிமித்தினேன். தீயில காட்டினா ஒரே மஞ்சள். அவ, ஓரத்துல ஊதா மாதிரி தெரியுதுடின்னா. போடி, ஒனக்குக் கண்ணாடி போடணும், இது சோடியம்தான்னு நான் அடிச்சுச் சொன்னேன். அவ எழுதின பொட்டாசியத்தை அடிச்சுட்டு சோடியம்னு எழுதிக் குடுத்துட்டா. சாமான் கழுவுறப்ப எனக்கே உறுத்துச்சு. கம்பியை ஆசிட்ல முக்கிச் சுத்தமாக்கி மறுபடி காட்டினேன். நல்ல ஊதா, பொட்டாசியமேதான்; முதல்ல தெரிஞ்ச மஞ்சள் என் விரல்ல இருந்த கருவாட்டு உப்பு. மேடம் அங்கிட்டுதான் உக்காந்திருந்தாங்க, மார்க்கு இன்னும் போடல. பத்தடி நடந்திருந்தாப் போதும். நான் நடக்கல. என் மார்க்கு போனது போகட்டும், அவளுக்கு என்னாலதானே போச்சு. போன வாரம் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், என்னடி சோடியம், எப்படி இருக்கன்னு சிரிக்கிறா. தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு அவளுக்கு இன்னிக்கும் தெரியாது. நானும் கூடச் சேந்து சிரிச்சுட்டு, டீகூடக் குடிக்காம பஸ் ஏறிட்டேன்.

அதனால நாளைக்கே ஆனந்துகிட்ட சொல்லிரு, அப்புறம் ரெண்டு பேருமாப் போயி ஒங்க புரொபசர் சார்கிட்ட சொல்லுங்க. வைவாங்க. வாங்கிக்க. ஸ்காலர்ஷிப்பை நிறுத்திருவாங்களோன்னு எனக்கும் பயமாத்தான் இருக்கு, அப்படி நிறுத்தினா நிறுத்தட்டும், அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். கோட்டைக் கண்டுபிடிச்சதும் நீதானே, தப்பைக் கண்டுபிடிச்சதும் நீதான், அதையும் சார்கிட்ட சொல்லு. ராத்திரிச் சாப்பாட்டை விடாத. மகமாயி தொணையிருப்பா, நல்லா இரு.

சொல்லிட்டியா இல்லையான்னு, அது ஒண்ணுக்கு மட்டுமாவது சீக்கிரம் பதில் போடு.

ஒன் அம்மா,
சுகுணா