தொட்டி கொள்ளாத மீன்கள்

அக்கா,

இன்று காலை மார்க்கெட்டில் மீன்காரர் ஒரு ஜிலேபி மீனைத் தூக்கிக் காட்டினார். "உயிர் மீனுங்க, துள்ளுது பாருங்க" என்றார். மேலெல்லாம் கரியாய்க் கறுத்திருந்தது. வால் கடிபட்டுக் கந்தலாகியிருந்தது. வாங்காமல் திரும்பிவிட்டேன். அந்தக் கறுப்பு எதனால் வருகிறது என்று எனக்குச் சொன்னது நீங்கள்தான்.

உங்கள் வீட்டுக்காரர் தறிக்கூடத்தை வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்கட்டில் தார்ப்பாய்த் தொட்டி கட்டினார். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர்தான். முதல் முறை அளவாகத்தான் மீன் விட்டார். நீங்கள் தீனியோடு வந்தாலே அவை திரண்டு ஓடிவரும். "பாரு ஸ்டெல்லா, என் காலடிச் சத்தம் தெரியுது இதுங்களுக்கு" என்று சிரிப்பீர்கள். அந்த வீட்டில் நீங்கள் சிரித்து நான் பார்த்தது அந்தச் சில மாதங்களில்தான்.

மீன் நல்ல விலைக்குப் போனது. அதுவே வினையாயிற்று. அடுத்த முறை அதே தொட்டியில் இரண்டு மடங்கு குஞ்சு கொட்டினார். சின்னதாக இருந்தவரை தெரியவில்லை. வளர வளரத் தண்ணீர் மறைந்து முதுகுகள்தான் தெரிந்தன.

"இவ்ளோ வேணாங்க. ஒண்ணுமேல ஒண்ணு மோதிகினு கீது. திரும்பக்கூட எடமில்ல" என்றீர்கள்.

"ஏன், மீனு உன்கிட்ட வந்து அழுதுதா?" என்றார்.

போட்ட தீனி தின்னாமல் ஊறிக் கிடந்தது. பெரியவை சின்னவற்றை முட்டித் தள்ளித் துடுப்பைக் கடித்தன. கடிபட்டவை ஓரத்தில் ஒண்டிக் கறுத்துப்போயின. செதில் உதிர்ந்த இடங்களில் பஞ்சு ஒட்டினாற்போலப் பூஞ்சை பிடித்தது. "பயத்துலயே பாதி நோவு வந்துடுது ஸ்டெல்லா. ஒரு நிமிசம்கூட நிம்மதியா நிக்க முடியல பாரு அதுங்களால" என்றீர்கள். அப்போது உங்கள் கன்னத்தில் விரல் தடம் இருந்தது. நான் பார்வையைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நலிந்த மீன்களை வலையில் அள்ளி ஒரு நீல டிரம்மில் தனியாக விட்டீர்கள். நான்கைந்து நாளில் அவை கறுப்பு வெளுத்துத் தேறின. அவர் அதைப் பார்த்துவிட்டார். "ஆஸ்பத்திரி நடத்துறியா இங்க?" என்று டிரம்மை எட்டி உதைத்தார். சிமெண்டுத் தரையில் மீன்கள் துடித்தன. "பொறுக்கு. எல்லாத்தையும் பொறுக்கித் தொட்டியில போடு" என்றார். நீங்கள் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குவதை, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தனை மீனுக்குக் காற்று போதாது. தண்ணீருக்குள் காற்று விடும் மோட்டார் நின்றால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் செத்துவிடும். அதனால் நீங்கள் வீட்டை விட்டு நகர முடியாமல் போயிற்று. வந்தவாசியில் உங்கள் தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூட அவர்தான் போனார். "நான் போனா இதுங்களை யார் பாக்கறது?" என்றீர்கள். கட்டிக்கொண்டு போவதற்கு எடுத்து வைத்திருந்த புடவையை எனக்குக் காட்டிவிட்டு மறுபடி மடித்து உள்ளே வைத்தீர்கள்.

அப்புறம் ஒருநாள், விடிந்ததிலிருந்து தூறல். மோட்டார் நின்றுபோனது. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை உறிஞ்சின. அந்தச் சப்பும் சத்தம் என் சமையலறை வரைக்கும் கேட்டது. நான் வெளியே வந்தபோது நீங்கள் வீட்டுக்குள் போகத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள்.

"மெயினை அணைச்சிட்டு வரேங்க."

"அதுக்கெல்லாம் நேரமில்ல! ஒயரு லூசா இருக்கும், ஜல்தி அழுத்தி வுடு! எல்லாம் பூடும்!"

உலர்ந்த இடத்தில் நின்றுகொண்டு கத்தியவர் அவர். ஈரத்தில் வெறுங்காலோடு போய் ஒயரைத் தொட்டவர் நீங்கள். நான் சுவரேறிக் குதித்து ஓடி மெயினை அணைத்தேன். அதற்குள் முடிந்துபோயிருந்தது.

ஆட்டோவில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. "நீங்க முன்னால போங்க, நான் வரேன்" என்றார் உங்கள் வீட்டுக்காரர். வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைத் திரும்பக் கொண்டுவந்தபோது, பின்வாசலில் மீன் வியாபாரியின் மினி லாரி நின்றிருந்தது. இன்னும் வாயசைத்துக்கொண்டிருந்த மீன்களைப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முன்வாசலில் மாலையோடு வந்த சொந்தக்காரர்கள் காத்து நின்றார்கள். என்ன இது என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "அவதான் பூட்டா. இதுவும் போவணுமா?"

யாரும் ஒன்றும் பேசவில்லை அக்கா. நானும்தான். போலீசில் விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

இப்போது அங்கே இரண்டு தொட்டி. இரண்டிலும் முன்னைவிட நெரிசல். பார்த்துக்கொள்ள ஆள் நிற்பதில்லை. அதனால் அவர் மறுபடி பெண் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்.

போன வாரம் சேத்துப்பட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்து என் கதவைத் தட்டினார்கள். மகளைக் கொடுக்குமுன் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்தவர்கள். "ஆளு எப்படிங்க? குடி கிடி உண்டா?"

"குடி இல்லீங்க" என்றேன். சுவரோரம் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியைக் காட்டினேன். அந்த அம்மா எட்டிப் பார்த்து, "ஏன் இப்படி வாயத் தொறந்துகினு கீது?" என்று கேட்டார்கள். சொன்னேன். டிரம், விரல் தடம், ஒயர், மினி லாரி எல்லாம் சொன்னேன். அந்த அம்மா கேட்டபடியே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு உங்கள் வீட்டுப் பக்கமே திரும்பாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

அன்று சாயந்திரம், சம்பந்தம் கலைந்தது தெரிந்து உங்கள் வீட்டுக்காரர் என் வாசலில் நின்று கத்திய வார்த்தைகளை உங்களுக்கு எழுத மாட்டேன். அவற்றை நீங்கள் நிறையவே கேட்டிருப்பீர்கள். கடைசியில், "அடுத்த தடவை எவளாவது வந்து கேட்டா என்னாடி சொல்லுவ?" என்றார்.

"இதையேதான் சொல்லுவேன்" என்றேன்.

என் குரல் நடுங்கியது அக்கா. ஆனாலும் தெருவுக்கே கேட்டது.