கலீல், ஊரைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள்

அன்பு கலீல்,

உன் மகளின் சம்பந்த விஷயமாக வந்த பெங்களூர்க்காரர்கள் நேற்று மாலை பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன் வந்ததாகச் சொன்னவர் உன் மனைவி பரீதா பாபி. இதுவரை உறுதியானது இவ்வளவுதான். மற்றதை நான் பார்த்தபடி சொல்கிறேன். இத்தனை வருஷம் பத்திரிகைக்கு நான் எழுதினேன், நீ படம் எடுத்தாய். இந்த முறை படம் இல்லை. பொறுத்துக்கொள்.

பெண்ணைப் பற்றி அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. நஸ்ரீனும் அந்தப் பையன் இம்ரானும் பேசிப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். சிக்கல் ஊரில்தான். ஷூ கம்பெனியில் புது மாடல் தைத்துப் பார்க்கிற சாம்பிள் ரூமுக்கு இப்போது உன் மகள்தான் பொறுப்பு. பாபியையும் தனியாக விட்டுப் போக மாட்டேன் என்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் ஆம்பூரில்தான் இருப்பேன் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள். பையனுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற கம்ப்யூட்டர் வேலை. அவன் சரி என்றான். அவன் அம்மா ஜமீலா மட்டும், "ஊரைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

ஆக, பையனின் அப்பாவும் அம்மாவும் ஊரைப் பெண் பார்க்க வந்தார்கள். அலங்காரம் செய்து காட்டுகிற வேலை, சித்தப்பா முறையில் என் தலையில் விழுந்தது. "சாச்சா, நீங்க கூட்டிட்டுப் போங்க. அப்பா உசுரோட இருந்தா அவர்தானே போயிருப்பாரு" என்றாள் நஸ்ரீன். முட்டிவலி என்று சொல்லிப் பார்த்தேன். "காருலதானே போறீங்க" என்றாள்.

வெளியூரிலிருந்து வரும் பத்திரிகைக்காரர்களுக்கு நீ ஊரைக் காட்டுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். "ஆம்பூருக்கு வந்தா மூணு வேலைதான் தோஸ்த். பிரியாணி தின்னு, செருப்பு வாங்கு, வண்டியேறு" என்பாய். அப்படிச் சொல்லிக்கொண்டே பொழுது சாயும்வரை அவர்களை நிறுத்தி வைத்துவிடுவாய். எப்படிச் செய்தாய்?

முதல் இரண்டு வேலையும் நன்றாகவே நடந்தன. காலையிலேயே பிரியாணி. இம்ரானின் அப்பா தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயைக் கேட்டுக் கேட்டு வாங்கினார். பிறகு ஹைவே ஓரத்துக் கடையில், ஏற்றுமதிக்குப் போகாமல் நின்றுவிட்ட ஷூக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்.

"இதெல்லாம் ஃபாரின் போறதுதானே? எனக்கு மட்டும் ஏன் கடிக்குது?"

"வெள்ளக்காரன் கால் அளவுக்கு வெட்டுனது மாமா. உங்க காலு நம்ம ஊரு காலு, அகலம்" என்றாள் நஸ்ரீன்.

"காலு மட்டுமா? அவருக்கு எல்லாமே அகலம்தான்" என்றார் ஜமீலா. அவர் சிரித்ததை அப்போதுதான் முதலில் பார்த்தேன். பரவாயில்லை, தேறிவிடும் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் சறுக்கினேன். தோல் பதனிடும் டேனரிகள் இருக்கும் ரோட்டைத் தவிர்த்து, ஊரைச் சுற்றிக்கொண்டு வரச் சொன்னேன். ஆற்றோரத்து டீக்கடையில் காரை நிறுத்தி, "இங்க காத்து நல்லா இருக்கும்" என்று வேறு சொல்லி வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா துப்பட்டாவை மூக்கில் அழுத்திப் பிடித்திருக்கிறார். "சாச்சா, கெளம்பலாம்" என்று நஸ்ரீன் என் காதருகே சொன்னாள். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. நீயாக இருந்தால் உன் மூக்கை நம்பியிருக்க மாட்டாய். விருந்தாளியின் கையைத்தான் பார்ப்பாய். கை மூக்கிடம் போனால் வண்டியைத் திருப்பிவிடுவாய். இங்கேயே பிறந்து வளர்ந்த மூக்குக்கு இந்த ஊரைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுதியில்லை என்பது உனக்குத் தெரிந்திருந்தது.

மிச்சம் இருந்தது பாலம்தான். மேலே ஆந்திரப் பக்கம் மழை. பாலாற்றில் தண்ணீர் வந்திருக்கிறது, கலீல். கரையைத் தொடவில்லை. ஆனாலும் ஓடுகிறது. பாலம் முழுக்க ஜனம். ஒரு குடும்பம் கற்பூரம் கொளுத்திப் பூவைத் தண்ணீரில் போட்டது. பக்கத்தில் ஒருவர் பேத்தியைத் தூக்கிப் பிடித்து உருதுவில் ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி பஸ் மெதுவாக ஊர்ந்தது. மதிய ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

பூ விற்கிற அம்மா ஒருவர் ஜமீலாவைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தார். "இன்னாம்மா, ஆறு பாக்க வந்தியா? இப்டி வா, இங்கேர்ந்தாதான் நல்லாத் தெரியும்."

"ஆத்துல தண்ணி போறதுக்கா இவ்ளோ கூட்டம்?"

"எப்பனாதாம்மா வருது. வந்தா பாக்காம வுட முடியுமா?"

ஜமீலா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்து பார்த்தார். தூணை ஒட்டி நுரை சுழன்றுகொண்டிருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"இந்த ஆறு கெட்டுப்போச்சுன்னு எழுதுனது நீங்கதானே? இம்ரான் காட்டினான். இப்ப நீங்களே எம்புள்ளைய இங்க வந்து இருக்கச் சொல்றீங்க."

நஸ்ரீனைப் பார்த்தேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு இப்போது சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"எழுதினது நெசம்தாம்மா. இன்னும் சரியாகல. கம்மியாயிடுச்சுன்னு சொல்றாங்க. நான் ஒத்துக்கல."

"அப்புறம் நீங்க ஏன் இங்கயே இருக்கீங்க?"

இந்த ஆற்றைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. இதை மட்டும் எழுதியதில்லை. களைப்பாக இருந்தது. "போகணும்னு தோணல" என்றேன். நல்ல பதில் இல்லை. உன்னிடம் இதைவிட நல்லதாக ஏதாவது இருந்திருக்குமா?

வீட்டுக்கு வந்தோம். பாபி கொடுத்த டீயைக் குடித்தார்கள். கார் கிளம்பும்போது ஜமீலா கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"குடிக்கற தண்ணி எங்கேர்ந்து வருது?"

"குழாயில காவிரித் தண்ணி. தெனமும் வராது. ஜாஸ்தி பேர் கேன்தான் வாங்கறாங்க."

"அவசரம்னா டாக்டரு?"

"சின்னதுக்கு இங்கயே இருக்காங்க. பெருசுன்னா வேலூர் போகணும்."

தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

நஸ்ரீனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "பொய் சொல்லியிருந்தீங்கன்னா எனக்குக் கோவம் வந்திருக்கும் சாச்சா" என்றாள். கூடவே, "ஆனா அந்த 'நான் ஒத்துக்கல' வேணாமே. அது ஓவர்" என்றாள். குரல் அப்படியே உன் குரல்.

ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் குடிதண்ணீரைப் பற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை. குடிவர நினைக்கிறவர்கள்தான் கேட்பார்கள். ஆனால் இது என் ஊகம். செய்தியாக எடுத்துக்கொள்ளாதே. பாபியிடம்கூட நான் சொல்லவில்லை.

ஜமீலாவின் பதில் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நஸ்ரீன் இன்று வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டாள்.

அவர்கள் வேண்டாம் என்றால், ஊரை விட்டுக்கொடு என்று அவளிடம் நான் சொல்ல மாட்டேன். யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். சரி என்றால், நிக்காஹ் அன்று உன் இடத்தில் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பேன். அந்த ஒரு நாள் மட்டும் ஆற்றைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். மறுநாளிலிருந்து எழுதுவேன்.

இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மகளின் சாச்சா,
சேகர்