நான்காம் மாடிக் கயிறு

பாய்,

இன்று காலை தேநீரும் கையுமாகப் பால்கனியில் நின்றிருந்தேன். எதிர்க் கட்டடத்து நான்காம் மாடி மணி கிணுகிணுவென்று அடித்தது. தேநீர் சட்டையெல்லாம் சிந்திவிட்டது. அது உங்கள் மணி.

பர்மாவின் மற்ற நகரச் சந்துகளைப் போலவே நம் போட்டாதாங் சந்திலும் மாடிக்கு மாடி கயிறு தொங்கும். மேலே ஒரு மணி, கீழ் நுனியில் ஒரு கவ்வி. தெருவில் நிற்பவர் கயிற்றை இழுத்து மணியடித்து, ரொட்டியோ பத்திரிகையோ கவ்வியில் மாட்டிவிட்டால் வீட்டுக்காரர் மேலே இழுத்துக்கொள்வார். சந்து முனையில் இருந்த உங்கள் இரும்புச் சாமான் கடையில்தான் கயிறும் மணியும் எல்லோரும் வாங்குவார்கள்.

வீடு தேடி வருகிறவரிடம் தரகர் வாடகையைச் சொல்லுமுன் மதத்தைக் கேட்பார். இந்தியர் வேண்டாம், முஸ்லிம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உங்கள் கடைப் படியில் வந்து உட்கார்வார்கள். பள்ளிவாசலிலிருந்து நீங்கள், மாதா கோயிலிலிருந்து நான், புத்த மடத்துக் காரியங்களைப் பார்க்கும் ஊ தாங் என்று மூன்று பேரும் சேர்ந்து வீட்டுக்காரர் முன்னால் போய் உட்கார்வோம். வம்பு ஏதும் வந்தால் எங்களிடம் வாருங்கள் என்று பொறுப்பேற்போம். நான் நியாயம் பேச வாயெடுத்தால் மேசைக்கடியில் என் காலை மிதிப்பீர்கள். வெளியே வந்ததும், "வாதாடி ஜெயிச்சா சாவிதான் தம்பி கெடைக்கும். மாடிப்படியில பாத்துச் சிரிக்க ஆளு கெடைக்காது" என்பீர்கள். என் இடது கால் பெருவிரலுக்கு இது நன்றாகத் தெரியும்.

குடிவரும் நாளில் கயிறு கட்டுவதை நீங்கள் ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டீர்கள். இவர்கள் வேண்டாமென்று யார் அதிகமாக முறுக்கிக்கொண்டாரோ அவர் கையில்தான் கயிற்றைக் கொடுப்பீர்கள். "அவங்களே கட்டட்டும். நாம கட்டுனா அது நம்ம கயிறு தம்பி."

அப்படிக் குடிவந்த நம் தமிழ்க் குடும்பம் ஒன்று பெண்கள் லுங்கியைத் தெருப் பக்கம் காயப்போட்டது. அதன் கீழே நடந்தால் ஆணின் பெருமை போய்விடும் என்று நம்பும் பர்மாக்காரர் தலைக்கு மேல் அது தொங்கலாமா? கீழ்வீட்டுக்காரர் கொதித்துப் போனார். கைகலப்பு வரவேண்டியது. நீங்கள் போய்ப் பின்பக்கம் ஒரு கொடி கட்டிக் கொடுத்துவிட்டு, லப்பெ என்கிற ஊறல் தேயிலைத் தட்டை நடுவில் வைத்தீர்கள். இரு தரப்பும் ஒரே தட்டில் லப்பெ தின்றால் சண்டை முடிந்தது என்பது இந்த ஊர்ப் பழக்கம். சமரசம் பேச வந்தவரே தட்டில் பாதியைக் காலி செய்தது தனிக்கதை.

பிறகு உங்கள் முறை வந்தது. கடையும் மேலே நீங்கள் குடியிருந்த வீடும் சேர்ந்த கட்டடத்தை இடிக்கப் போவதாகச் சொன்னார்கள். எதிர்க் கட்டடத்தில் டோ மியா என்கிற அம்மாளின் நான்காம் மாடி அப்போது காலியாக இருந்தது. தரகர் விசாரித்து வந்து, "உங்க ஆளுங்களுக்கு இல்லையாம் பாய்" என்றார். நான் விருட்டென்று எழுந்தேன். நீங்கள் என் தோளை அழுத்தினீர்கள்.

"எனக்குன்னு கேட்டா, இத்தன நாளு கேட்டதெல்லாம் இதுக்குத்தான்னு ஆயிரும். வேணாம் தம்பி."

நகருக்கு வெளியே மாவ்பியில் இருக்கும் உங்கள் மகள் வீட்டுக்குப் போனீர்கள். அங்கிருந்தும் பஸ் ஏறி வந்து, கடை இருந்த இடத்துத் தகர வேலியைப் பார்த்தபடி டீக்கடையில் உட்கார்ந்திருப்பீர்கள். வரவர மெலிந்துகொண்டே போனீர்கள். ஊருக்கெல்லாம் வீடு கேட்டுக் கொடுத்த மனிதர் தம் சந்தில் விருந்தாளிபோல உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் பேச்சை மீறி நானும் ஊ தாங்கும் டோ மியாவிடம் போய், வீடு கேட்டது நீங்கள்தான் என்றோம். அவர் திகைத்துப் போனார். "முஸ்லிம் வேண்டாமென்று தரகரிடம் சொன்னது உண்மைதான். கேட்டது இவர் என்று யாரும் சொல்லவில்லையே! என் தண்ணீர் மோட்டாரை ஓட வைத்தவர் ஆயிற்றே" என்று பர்மியத்தில் புலம்பினார். வேறொரு பாய் என்றால் பரவாயில்லையா என்று கேட்க நாக்குத் துடித்தது. நீங்கள் பக்கத்தில் இல்லாமலே அடக்கிக்கொண்டேன். அன்றே டோ மியா தம் கையால் கயிற்றைக் கட்டினார்.

தொலைபேசியில் சொன்னேன். "யாரு கட்டுனா?" என்று கேட்டீர்கள்.

"டோ மியாவேதான், பாய்."

"வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்துர்றேன் தம்பி, இன்ஷா அல்லாஹ்."

அந்த வெள்ளிக்கிழமை உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கு நாங்கள்தான் மாவ்பி வந்தோம். டோ மியாவும் வந்தார். வீட்டுச் சாவி அவர் கைப்பையில் இருந்தது.

மழைக்காலம் முழுவதும் அந்த வீடு பூட்டியே கிடந்தது. போன வாரம் அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வீடு தேடி வந்தார். முஸ்லிம்தான். சந்தில் அவரை யாருக்கும் தெரியாது. உங்கள் தோரணையில் பேச ஒத்திகை பார்த்துக்கொண்டு டோ மியாவிடம் போனேன். அவர் பேசவே விடவில்லை. "கயிறு கட்டித்தானே கிடக்கிறது" என்று சாவியை நீட்டினார்.

இன்று அந்த மணியை இழுத்தவர் ரொட்டிக்காரர். வளையல் போட்ட இளம் கை ஒன்று நீண்டு ரொட்டியை மேலே இழுத்துக்கொண்டது. நாம் கேட்டதெல்லாம் இதுதானே? சந்தோஷப்பட வேண்டியவன் உள்ளே போய் அழுதேன். மணி அடித்ததும் நீங்கள்தான் எட்டிப் பார்ப்பீர்கள் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன், பாய்.

நாளை பக்கத்துச் சந்தில் இன்னொரு குடும்பத்துக்காக வீடு கேட்கப் போகிறோம். உங்கள் கடை மணி ஒன்று என் பையில் இருக்கிறது. ஊ தாங்கும் வருகிறார். என் காலை மிதிக்கத்தான் ஆளில்லை.